சும்மாவுக்குக் கட்டம் இல்லை

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெருவின் ரகசியமெல்லாம் தெரியும் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பாதிதான் தெரியும். காகிதத்துக்கு வருவது என்னிடம் வரும். காகிதத்துக்கு வராதது எல்லாம் ஸ்டாரக்காவிடம் போகும். போனது திரும்பி வெளியே வராது. எங்கள் தெருவில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரு குணத்தால்தான் அந்த மாதம் அவ்வளவு பாடும் பட்டாள்.

துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் பதினான்கு வருடம் நின்று வேலை பார்த்தவள். ஒரு திங்கட்கிழமை போனால் கம்பெனி கேட்டில் பூட்டு. வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல், மகளுக்குச் சின்னதாகிப்போன படிப்பு மேசையைப் பழைய சாமான் விற்கும் ஆப்பில் போட்டாள். மேசையைக் கழற்றி, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, திருகாணிகளைத் தனியாக ஒரு சின்னப் பையில் போட்டு, மேலே 'மொத்தம் எட்டு' என்று எழுதி அனுப்பினாள். வாங்கியவர் ஐந்து ஸ்டார் கொடுத்து ஆறு வரி புகழ்ந்து எழுதியிருந்தார். கட்டின புருஷன்கூட அவளைச் சேர்ந்தாற்போல் ஆறு வரி புகழ்ந்தது கிடையாது. அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு இந்த விற்கிற பைத்தியம்.

அவள் பேக் செய்வதைப் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்த அட்டைப்பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் அளவுவாரியாக அடுக்கியிருக்கும். பொருளை முதலில் ஈரத்துணியால் துடைப்பாள், அப்புறம் காய்ந்த துணியால். பெட்டிக்குள் வைத்துக் காதருகே தூக்கி ஆட்டிப் பார்ப்பாள். லேசாகச் சத்தம் கேட்டால்கூடப் பிரித்து, மூலைகளில் செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பாள். டேப்பை நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு என்று ஓட்டி, நகத்தால் ஓரங்களை நீவிவிடுவாள். கடைசியில் டேப்பின் நுனியை மட்டும் அரை விரல் அளவுக்கு மடித்துவிடுவாள். அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உரிந்து வந்துவிடும். பிரிக்கிறவருக்கு எரிச்சல் வரக்கூடாதாம். நானறிய வேறு யாரும் இதைச் செய்வதில்லை.

ஸ்டார் சேரச் சேர, அவள் பெயரே ஸ்டாரக்கா ஆகி, தெரு அவளைத் தேடி வந்தது. புதுசாக ஒருவர் கணக்குத் திறந்து எதையாவது போட்டால், 'உண்மையான ஆளா, ஏமாத்துறீங்களா' என்றுதான் கேள்வி வரும். அவள் பெயரில் போட்டால் அன்றைக்கே போய்விடும். பிறகென்ன, ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் வெள்ளைப் போர்வையை விரித்துப் போட்டோ எடுப்பாள். 'இடது கைப்பிடியில் ஒரு கீறல்' என்று குறையை மறைக்காமல் எழுதுவாள். விற்ற காசை அன்றைக்கே ரொக்கமாக உரியவர் கையில் கொடுத்துவிடுவாள். டேப்புக்குக்கூட ஒரு காசு எடுத்ததில்லை. பாதிப்பேர் வீட்டுக்குத் தெரியாமல் விற்பவர்கள், பாஸ்புக்கில் வரக்கூடாது என்பார்கள். அவளும் சரி என்பாள். ஏன் விற்கிறாய் என்று யாரையும் கேட்டதில்லை. அதனால்தான் எல்லோரும் அவளிடம் போனோம்.

போனோம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். என் பொருளும் ஒன்று அதில் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

மூன்றாம் தேதி, காலையிலிருந்தே விடாத மழை. கடைக்குள் காகிதமெல்லாம் நமுத்துப்போய் மெஷினில் இரண்டிரண்டாகப் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. நான் மெஷினைத் திட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டாரக்கா வந்தாள். தலை நனைந்திருந்தது. மடித்த கடிதம் மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருந்தது.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமேம்மா."

"தெரியும். நான் படிச்சா பயமா ஒரு அர்த்தம் வருது. நீங்க படிச்சா வேற வருதான்னு பார்க்கத்தான்."

நான் படித்தேன். எனக்கும் அதே அர்த்தம்தான் வந்தது. வரி ஆபீசிலிருந்து வந்திருந்தது. ஆப்பில் யார் யார் எவ்வளவு விற்றார்கள் என்று வருடக் கடைசியில் ஆப்காரன் பட்டியல் அனுப்பியாக வேண்டுமாம். முப்பது விற்பனையைத் தாண்டினால் பெயர் தானாகப் போய்விடும். இவள் பெயரில் அறுபத்து மூன்று. இவ்வளவு வியாபாரம் செய்தும் வருமானத்தைத் தெரிவிக்கவில்லை, இருபத்தைந்தாம் தேதிக்குள் விளக்கம் தரவும் என்று போட்டிருந்தது.

"வியாபாரமா? நான் எங்க வியாபாரம் பண்ணினேன்? என் சாமான் நாலுதான். படிப்பு மேசை, பழைய ஃபேன், ஒரு ஸ்கூல் பேக், அவரோட ஷூ. மிச்சம் அம்பத்தொம்பதும் தெருவோடது."

"பேரு உன் பேருதானேம்மா."

"ஸ்டாரு என் பேருல இருக்கு, அதனால போட்டேன்." கடிதத்தை என்னிடமிருந்து வாங்கித் திரும்பக் கவருக்குள் வைத்தாள். "இது மட்டும்னா போய்ப் பேசிக்கலாம். நேத்துப் பாப்பா காலேஜ்லேர்ந்து மெசேஜ் வந்துடுச்சுண்ணே."

பாப்பா என்றால் அவள் மகள். பத்தொன்பது வயது, நர்சிங் இரண்டாம் வருடம். குடும்ப வருமானம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் பாதிக்கு மேல் சலுகை உண்டு, அதில்தான் படிக்கிறாள். வரி ஆபீஸ் கணக்கும் காலேஜ் கணக்கும் உள்ளுக்குள்ளே பேசிக்கொள்ளும் போலிருக்கிறது. வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, சலுகை நிறுத்தப்பட்டிருக்கிறது, மாதக் கடைசிக்குள் முழுக் கட்டணம் கட்டவும் என்று மெசேஜ். கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். முழுக் கட்டணம் என்பது அந்த வீட்டில் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திராத தொகை.

சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பெயரில் விற்றதன் முழுப் பட்டியலையும் ஆப்பிலிருந்து எடுத்து அச்சடித்துக் கொண்டுபோனேன். இரண்டே அறை. ஒன்றில் பாதியை அட்டைப்பெட்டிகளே பிடித்திருந்தன. மழை ஈரத்தில் பெட்டிகளிலிருந்து மருந்து வாடை வந்தது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, கிரீஸ் கையைச் சோப்புத் தூளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். பார்த்தீங்களா எங்க வீட்டுக்காரம்மா சாமர்த்தியத்தை? தெருவுக்கே ஓசியில குடோன் நடத்தினா. இப்ப பில்லு என் தலைக்கு வந்திருக்கு."

"உங்க தலைக்கு வரலை. என் பேருலதான் வந்திருக்கு," என்றாள் அவள்.

"ஆமா, நீ வேற, நான் வேற. முழு ஃபீஸ் கேட்டா உன் ஸ்டாரை எடைக்குப் போட்டுக் கட்டு." என் பக்கம் திரும்பினார். "ஆயிரம் தடவை சொன்னேன் சார். ஊர் சாமானை உன் பேருல ஏத்தாதேன்னு. லிஃப்ட்ல நாலு பேருன்னு எழுதியிருந்தா நாலு பேர்தான் ஏறணும். பதினோரு பேரை ஏத்திட்டு, நடுவுல நின்னுடுச்சுன்னா யாரைக் குறை சொல்றது?"

மகள் சுவரோரம் உட்கார்ந்து சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"எனக்காகச் செஞ்சு மாட்டியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பார்லர் ஆன்ட்டிக்காகவும் பக்கத்து வீட்டுச் சித்திக்காகவும் செஞ்சு, என் படிப்பு போகப்போகுது. அதுதான் எரியுது."

ஸ்டாரக்கா டீ போட எழுந்து போனாள். உள்ளே சர்க்கரை டப்பாவைத் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் நாலைந்து தடவை கேட்டது. வந்த டீயில் சர்க்கரையே இல்லை. மூன்று பேரும் அதை அப்படியே குடித்தோம்.

இரண்டு நாள் கழித்து அவளோடு நானும் வரி ஆபீசுக்குப் போனேன். டோக்கன் எண்பத்து நாலு. நாங்கள் போய் உட்கார்ந்தபோது பலகையில் பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் என்று எழுதி வைத்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் முறை வரும்போது மூன்றரை. உள்ளே இருந்தவர் சின்ன வயசு ஆபீசர். நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் அவர் கண் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

"சொந்த சாமானாம்மா, வியாபாரமா?"

"ரெண்டும் இல்லைங்க சார். அடுத்தவங்க சாமான். அவங்களுக்காக வித்துக் கொடுத்தேன்."

"அப்போ கமிஷன். எவ்வளவு பர்சன்ட்?"

"கமிஷன் வாங்கலைங்க. சும்மா செஞ்சேன்."

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். "அம்பத்தொம்பது சாமான். போட்டோ எடுத்து, பேக் பண்ணி, கூரியர் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயி... சும்மாவா?"

"ஆமா சார்."

"ஏன்?"

அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது? வேலை போன பிறகு கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றா, யாரோ முகம் தெரியாதவர் ஆறு வரி புகழ்ந்தது நன்றாக இருந்தது என்றா?

"பழகிடுச்சு சார்," என்றாள்.

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. சொந்தப் பொருள்னு ஒரு கட்டம். வியாபாரம், கமிஷன்னு ஒரு கட்டம். ரெண்டுல ஒண்ணை டிக் பண்ணினாத்தான் அடுத்த பக்கம் போகும். சும்மாவுக்குக் கட்டம் இல்லை. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப இதுக்கு என்னதான் சார் வழி?"

"வழி இருக்கு. யாரோட பொருளோ அவங்க ஒவ்வொருத்தரும், இது என்னோடது, காசு எனக்கு வந்துடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். இல்லைன்னா பேரும் விலாசமும் நீங்க எழுதிக் கொடுங்க, நாங்களே அவங்களுக்கு லெட்டர் போட்டுக் கேட்டுக்கறோம். இங்க சரியாச்சுன்னா காலேஜுக்குத் தானா போயிடும்."

"கையெழுத்துப் போட்டா அவங்களுக்கு வரி வருமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"எதுக்கு வரும்? வாங்கின விலைக்குக் கீழே வீட்டுப் பழைய சாமானை வித்தா யாருக்கும் வரி கிடையாதும்மா. அது யாரோடதுன்னு தெரியணும். அவ்வளவுதான்."

யாரும் யாருக்கும் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து போதும். வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாகவே இருந்தது, முட்டாள்தனமாக. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, யார் யாரிடம் முதலில் போவது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

மறுநாள், சாமான் பெயரை அவள் எழுதிக்கொள்ள இடம் விட்டு, நாலு வரியில் ஒரு வாசகம் டைப் செய்து கொடுத்தேன். தெருவில் அவளிடம் சாமான் கொடுத்த வீடு பதினொன்று. பத்துப் பிரதி எடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து வீட்டில் ஒரு வீட்டிலும் கையெழுத்து விழவில்லை.

முதலில் என்னிடம் வந்தது பார்லர்காரி. வாடிக்கையாளர் யாருக்கோ தலையில் டையைப் பூசிவிட்டு, காய்வதற்குள் ஓடி வந்திருந்தாள், கழற்றாத கருப்புக் கையுறையோடு.

"அண்ணே, இதுல கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு லெட்டர் கிட்டர் வருமா?"

"வராது. கையெழுத்துப் போடலைன்னாத்தான் வரும்."

"ஐயோ. அந்த வாசிக்கிற கீபோர்டு அவரோடதுண்ணே. அவரு வெளியூர் வேலையில இருக்காருன்னு வித்துட்டேன். எங்க அம்மா வீட்டுல வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன். இப்ப லீவுல வந்து உட்கார்ந்திருக்காரு. தினம் கேக்குறாரு. இதுல கீபோர்டுன்னு கருப்பு வெள்ளையில எழுதியிருக்கே!"

"அதுக்காக அவ பொண்ணு படிப்பு போகணுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்க, அவரு கிளம்பிடட்டும்."

அவர் கிளம்புவது முப்பதாம் தேதி. கெடு இருபத்தைந்து.

அடுத்தது மாடி வீட்டு ரிட்டயர்ட் கிளார்க். முப்பத்து மூன்று வருடம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவர். அவர் விற்றது ஒரு உடற்பயிற்சி சைக்கிள், அவ்வளவுதான். யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனுஷனுக்குக் காகிதத்தைப் பார்த்தால் கை அரிக்கும். நான் டைப் செய்ததில் சிவப்பு மையால் திருத்திக் கொண்டுவந்தார்.

"'பெற்றுக்கொண்டேன்'னு போட்டிருக்கியே, அது ஆபத்து. 'பெற்றதாக நினைவு'ன்னு மாத்து."

மாற்றினேன். மறுநாள் வந்தார்.

"'என்னுடைய சைக்கிள்' வேண்டாம். 'என் உபயோகத்தில் இருந்த சைக்கிள்'."

மாற்றினேன். அதற்கும் மறுநாள் வந்தார்.

"யோசிச்சேன். இதுக்கு முன்னாடி ஆபீஸ் எனக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேக்கணும். கேக்காம நானா பதில் கொடுத்தா, கேள்வி கேக்காத பரீட்சைக்குப் பதில் எழுதின மாதிரி ஆயிடும். என் சர்வீஸ்ல அப்படி ஒரு காகிதம் நகர்ந்ததே கிடையாது."

"சார், அந்தப் பொண்ணு காலேஜ்..."

"எனக்கும் வருத்தம்தான்பா. வருத்தம் வேற, கையெழுத்து வேற."

மூன்றாவது ஆள் அவளுடைய ஓரகத்தி, லிஃப்ட்காரரின் தம்பி மனைவி. பக்கத்து வீடுதான். அவள்தான் எல்லோரையும் விட அதிகமாக விற்றவள், பதினாலு சாமான். "எம்பேரு ஆபீசுல ஏறிச்சுன்னா எனக்கு வர்ற மாசாந்திர உதவி நின்னுடும்" என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து அதையே பிடித்துக்கொண்டாள். நிற்காது என்று ஆபீசர் சொன்னதைச் சொன்னேன். "அவரு நாளைக்கு மாறிப் போயிடுவாரு, நான் இங்கேயேதானே கிடக்கணும்" என்றாள்.

இப்படியே பத்து வீடும். நான் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினேன். அவள் தோளில் ஏறி நின்று விற்றீர்களே, இப்போது ஒரு கிறுக்கல் போட வலிக்கிறதா என்று கேட்டேன். எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

இப்போது என் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பதினோராவது வீடு என்னுடையது. எங்கள் கடையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஒரு கேமரா இருந்தது. நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. எடுப்பது தம்பிதான், அவனுக்கு அது உயிர். போன வருடம் என் பைக் தவணை மூன்று மாதம் தள்ளிப்போய், வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று மிரட்டினார்கள். தம்பி ஊரில் இல்லாத இரண்டு நாளில் கேமராவை ஸ்டாரக்காவிடம் கொடுத்தேன். திரும்பி வந்தவனிடம் கீழே விழுந்து உடைந்துவிட்டது, எடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன். அவன் முகம் செத்துப்போய், "நான்தான் ஸ்டூல் ஓரத்துல வச்சிட்டுப் போயிட்டேன் போல" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் தன் பங்கில் மாதாமாதம் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் எடுக்கிறான். நானும் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்டாரக்கா என்னிடம் மட்டும் கையெழுத்துக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன். திருகாணியை எண்ணி எழுதுகிறவள் மறப்பாளா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அது கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இருபதாம் தேதிக்குள் அந்த வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. டேப் சுருள் வாங்க வந்தபோது சொன்னாள். "அவரு, பேரை எழுதிக் கொடுத்துத் தொலைங்குறாரு. பாப்பா எங்கிட்ட பேசவே மாட்டேங்குறா."

"எழுதிக் கொடுத்துடேம்மா. நீ யாருக்கு என்ன பாக்கி?"

"பார்லர்காரி வீட்டுக்கு அரசாங்கக் கவர் வந்தா அவ புருஷன்தான் பிரிப்பான். அப்புறம் அந்த வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? எங்கிட்ட கொடுக்கும்போது, 'அக்கா உங்ககிட்டயே இருக்கட்டும்'னு சொல்லித்தானேண்ணே ஒவ்வொருத்தரும் கொடுத்தாங்க." என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நானும் பார்வையைக் கீழே போட்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி காலை. மழை விட்டு, சுள்ளென்று வெயில். கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றாள். ராத்திரி தூங்கின முகமாக இல்லை. அழுத முகமாகவும் இல்லை. கம்பெனி நாட்களில் லாரி வந்து நிற்கும்போது இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றியது.

"அண்ணே, அந்தப் பட்டியலை வீடு வாரியாப் பிரிச்சு, வரிக்கு வரி இடம் விட்டு அடிச்சுக் கொடுங்க. ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் கையெழுத்துக்கு ஒரு கோடு. அப்புறம் கவர்."

"எத்தனை கவர்?"

"பதினொண்ணு."

அச்சடித்துக் கொடுத்தேன். கவுண்டரிலேயே நின்று, என் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, வீட்டுக்கு ஒரு துண்டாக வெட்டினாள். கோணல் இல்லாமல், ஒரே சீராக. ஒருவர் சாமான் இன்னொருவர் துண்டில் ஒரு எழுத்துக்கூட வராமல். ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு என்று டேப் ஓட்டினாள். நுனியை மடித்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அதையும் நானே டைப் செய்தேன், அவள் சொல்லச் சொல்ல:

'இது உங்களோட சாமான் மட்டும். வேற யாரு கவர்லயும் இது இல்லை. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு, இதே மாதிரி ஒட்டி ஜெராக்ஸ் கடையில கொடுத்திடுங்க. பதினொண்ணும் வந்தா யாரு வீட்டுக்கும் லெட்டர் வராது. ஒண்ணு குறைஞ்சாலும் முழுப் பட்டியலையும் பேரு விலாசத்தோட நானே எழுதிக் கொடுத்துடுவேன். எனக்குப் பொண்ணு இருக்கா.'

"கடைசி வரி வேணுமாம்மா?"

"அதுதாண்ணே வேணும்."

கவர்களை அள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். ஸ்டேப்ளர் பக்கத்தில் ஒன்று கிடந்தது. மிச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அதைத் தொடவும் இல்லை.

மறுநாள் காலையிலிருந்தே கவர்கள் வரத் தொடங்கின. அவள் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை, அதனால் என் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். பார்லர்காரி புருஷனோடு பைக்கில் போகிறபோதே, "ஒரு நிமிஷம், ஜெராக்ஸ் எடுக்கணும்" என்று இறங்கி ஓடி வந்து, கவரைப் போட்டுவிட்டு, வெற்றுக் காகிதம் ஒன்றை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். கிளார்க் மட்டும் கவரில்லாமல் துண்டை விரித்தபடியே கொண்டுவந்தார். கையெழுத்துக்குக் கீழே தேதி, நேரம், 'படித்துப் புரிந்துகொண்டு' என்று ஒரு வரி. "இப்பதான்பா முறையா ஒரு கடிதம் வந்திருக்கு. கெடு போட்டு, விளைவு சொல்லி. இதுக்குப் பதில் போடலாம்" என்றார். ஓரகத்தி கவரை ஒட்டாமலே மேசையில் அடித்து வைத்தாள். "என்னையே மிரட்டுறாங்க. சொந்தமாம் சொந்தம்!" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் உள்ளே பதினாலு சாமானுக்கும் கீழே கையெழுத்து இருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டாரக்கா வந்தாள். கூடவே மகளும். தம்பி உள்ளே கம்ப்யூட்டரில் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். அவள் கவர்களையும் கிளார்க்கின் துண்டையும் சேர்த்துச் சீட்டுக்கட்டு போல விரித்து எண்ணினாள்.

"பத்து."

"பத்துதானா? யாரும்மா வரலை? சொல்லு, நானே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்." பழக்கதோஷத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"உங்க கவர் நேத்துக் காலையிலேர்ந்து அங்கேயேதான் கிடக்குதுண்ணே," என்றாள்.

தம்பி தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "என்ன கவர்?"

மகள் தாயின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக ஐந்து நிமிடம். இருபது நாளாகத் தெருவையே திட்டித் தீர்த்த வாய் எனக்கு. அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தம்பிதான் எழுந்து வந்து கவரை எடுத்தான். என்னிடம் நீட்டினான். வாங்கினேன். நுனி மடித்திருந்தது. எனக்கும் எரிச்சல் வரக்கூடாது என்றுதானே மடித்திருப்பாள்? இழுத்ததும் மொத்தமும் உரிந்து வந்தது.

துண்டில் ஒரே ஒரு வரி. 'போட்டோ கேமரா, வாருடன். நல்ல நிலையில்.'

தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான் என்று தெரியும். பேனாவைத் தேடினேன், கடை முழுக்கப் பேனா, ஒன்றும் கண்ணில் படவில்லை. அவன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டேன். ஸ்டாரக்கா துண்டை வாங்கி மடித்துக் கவரில் வைத்து, டேப்பை நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு ஓட்டி, மற்ற பத்தோடு சேர்த்தாள்.

"வரேண்ணே," என்றாள். மகள் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றாகப் படியிறங்கிப் போனார்கள்.

பதினொரு துண்டையும் ஆபீசர் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டதும், மூன்றாம் நாளே காலேஜிலிருந்து சலுகை தொடர்கிறது என்று மெசேஜ் வந்ததும், தெருவில் பாதிப்பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டதும், அதே வாரம் அவள் ஆப்பை போனிலிருந்தே எடுத்துவிட்டதும் எல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் போன பிறகு தம்பி மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரவில்லை. போட்டோ எடுக்கும் மூலைக்குப் போய், தூசி படிந்துகிடந்த அந்த ஸ்டூலின் ஓரத்தைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தான்.

"அப்போ நான் உடைக்கலை," என்றான்.